பல மரம் கண்ட தச்சன்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. சென்ற குளிர்கால விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் தந்தையார் இதை என்னிடம் சொன்னார். கோபித்துச் சொல்லவில்லை. நான் சாப்பிட்டுக் கை கழுவியபோது துண்டை எடுத்துக் கொடுத்தபடியே சொன்னார். "பாத்துக்கோப்பா" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டார். கோபித்திருந்தால் மறந்திருப்பேன். அன்போடு சொன்னதால் தைத்துவிட்டது.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தென்காசியில் ஒரே கூட்டுறவு வங்கியில் 32 ஆண்டுகள் உழைத்து எங்களைப் படிக்கவைத்தவர் அவர். நானோ இயற்பியலில் பட்டம் பெற்றேன். ஓராண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தேன். பிறகு 14 மாதங்கள் ஓர் ஏஜென்சியில் சேர்ந்து, பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் கடை கடையாக ஆர்டர் எடுத்தேன். இப்போது தில்லிக்கு வந்து வணிக நிர்வாகம் படிக்கிறேன். இடையிடையே நம் சங்கத்து நாடகங்களுக்குச் சுவரொட்டி வரைவதும் உண்டு.

வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒரு நிறுவனத்தாரும் இந்த வரலாற்றைப் பார்த்தார்கள். மூவரில் நடுவில் இருந்தவர் கேட்டார்: "இந்த வயதில் இத்தனை மாற்றமா? நீங்கள் எதில்தான் நிலைப்பீர்கள்?" எனக்குப் பதில் வரவில்லை. வேலையும் வரவில்லை.

இக்கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. பொறியியல் முடித்துவிட்டுப் பொருளாதாரம் படிப்பவர், வேதியியல் ஆய்வை நிறுத்திவிட்டு ஆட்சிப்பணித் தேர்வுக்கு அமர்ந்திருப்பவர் என நம் சங்கத்திலேயே பலர் இருக்கிறோம். ஆகவே, அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தபோது நான் கண்ட ஒரு மனிதரின் கதையை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் டேவிட் ஓகில்வி. இருபதாம் நூற்றாண்டின் விளம்பரத் துறையில் மிகப் பெரும் பெயர்களுள் ஒன்று. அவர் பெயர் தாங்கிய நிறுவனம் நம் நாட்டிலும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

முதலில் ஒரு சொல்லுக்கு விளக்கம். விற்பனை வேறு, சந்தைப்படுத்துதல் வேறு. இருக்கும் சரக்கைக் கைமாற்றிக் காசாக்குவது விற்பனை. யாருக்கு எது தேவை, அதை அவர் எப்படி அறிவார், ஏன் நம்புவார், மறுமுறை ஏன் வாங்குவார் என்று தொடக்கத்திலிருந்தே எண்ணிச் செய்வது சந்தைப்படுத்துதல். விளம்பரம் அதன் ஓர் உறுப்பு. மனிதரை அறிந்தவருக்கே இத்தொழில் கைகூடும். மனிதரை அறிய ஓகில்வி எத்தனை வாசல்களில் நுழைந்தார் என்பதே இனி வருவது.

அடுக்களையில்

ஓகில்வி 1911-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் பண்டை மொழிகளில் புலமை உடையவர்; பங்கு வணிகத்தில் நொடித்துப்போனவர். மகன் 1929-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். படிப்பில் ஊன்றவில்லை. 1931-இல் பட்டம் இன்றி வெளியேறினார். தம் வாழ்வின் பெரும் தோல்வி அதுவே என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். படிப்பை விட்டவர் பெருஞ்செல்வர் ஆனார் என்று கதை சொல்லுவோர் இந்த ஒப்புதலைச் சொல்லுவதில்லை.

அடுத்து அவர் போன இடம், பாரிஸ் நகரத்து மெஜஸ்டிக் ஓட்டலின் சமையலறை. அங்கே 37 சமையற்காரர்கள். வாரத்துக்கு 63 மணி நேர வேலை. தலைமைச் சமையற்காரர் பிட்டார் என்பவர் மிகக் கண்டிப்பானவர். ஒரு நாள், அன்றைய சிறப்பு உணவு தீர்ந்துவிட்டது என்று பரிசாரகர் ஒருவரிடம் ஓகில்வி சொல்லிவிட்டார். பிட்டார் சினந்தார். பட்டியலில் எழுதிக் கொடுத்தது வாக்கு. வாக்குக் கொடுத்தபின் இல்லை என்று சொல்லலாகாது என்பது அவர் கட்சி. பாராட்டையும் பிட்டார் அள்ளி வீசுவதில்லை. எப்போதாவது ஒரு நல்ல சொல் சொல்லுவார். கேட்டவர் அன்று முழுவதும் தரையில் நடக்கமாட்டார்.

பின்னாளில் ஒரு நிறுவனத்துக்குத் தலைவரானபோது, ஆட்களை எப்படி நடத்துவது என்பதற்கு ஓகில்வி மேற்கோள் காட்டியது எந்த நிர்வாக நூலையும் அன்று, இந்த அடுக்களையைத்தான். விளம்பரத்தில் சொன்னது சரக்கில் இருக்கவேண்டும் என்ற பாடத்தையும் இங்கேயே படித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீட்டு வாசலில்

பாரிஸிலிருந்து திரும்பியவர் ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று 'ஆகா' அடுப்பு விற்றார். ஆகா என்பது அடுப்பின் பெயர். நம் வியப்புச் சொல் அன்று. ஆயினும் அதன் பிறப்பு வியப்பானதுதான். அதை 1922-இல் வடிவமைத்தவர் குஸ்டாஃப் டாலன் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர். 1912-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அதே ஆண்டில் ஒரு வெடிவிபத்தில் கண்பார்வை இழந்தவர். கனத்த வார்ப்பிரும்பில் வெப்பத்தைத் தேக்கிவைத்துக்கொண்டு, சிறிதளவு எரிபொருளில் இரவும் பகலும் அணையாமல் இருக்கும் அடுப்பு அது. விலை அதிகம். விற்றால்தான் தரகு; தரகு வந்தால்தான் சாப்பாடு.

ஓகில்வி நன்றாக விற்றார். எனவே மற்ற விற்பனையாளருக்கு ஒரு கையேடு எழுதித் தருமாறு கம்பெனி கேட்டது. 1935-இல் அவர் எழுதிய அச்சிறு நூலை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஃபார்ச்சூன் இதழ் தலைசிறந்த விற்பனைக் கையேடு என்று புகழ்ந்தது. அதில் உள்ள அறிவுரைகள் எளியவை. அடக்கமாக உடுத்திப்போ. முன்வாசலில் நின்று வீட்டாரைத் தொல்லை செய்யாதே, பின்வாசலுக்குப் போ. போகுமுன் அந்த வீட்டைப்பற்றி அறியக்கூடியதை எல்லாம் அறிந்துகொள். சமையற்காரரை நண்பராக்கிக்கொள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவருக்குச் சலிப்பு உண்டாக்காதே.

இதைப் படித்தபோது எனக்குச் சுரீரென்றது. தென்காசியில் நான் லைனுக்குப் போன முதல் மாதம், ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் எங்கள் சரக்கின் பெருமையை எல்லாம் ஒப்பித்துக்கொண்டு நின்றேன். அவர் பொறுமையாகப் பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஒன் சரக்கப் பத்தியே சொல்லிட்டிருக்கியே. எங் கடையில என்ன ஓடுது, என்ன ஓடலன்னு ஒரு தடவையாவது கேட்டியா?" அன்று வெட்கத்தோடு கடை இறங்கினேன். ஓகில்வி ஒரு நூலில் எழுதியதை அண்ணாச்சி ஒரு வரியில் சொல்லிவிட்டார். ஆனால் அவர் எழுதிவைத்தார், நான் மறந்துவிட்டேன். வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

எண்ணிப் பார்த்தல்

அந்தக் கையேட்டைக் கண்டுதான் லண்டனில் மாதர் அண்டு கிரௌதர் என்னும் விளம்பர நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. அவருடைய தமையனார் ஃபிரான்சிஸ் அங்கே பணியில் இருந்தார். அப்போது அமெரிக்காவே இத்துறையில் முன்னோடி. எனவே, சிகாகோ நகரத்தில் பத்திரிகை நறுக்குகளைச் சேகரித்து அனுப்பும் ஓர் அமைப்புக்குச் சந்தா கட்டி, அமெரிக்காவில் வரும் புதிய விளம்பரங்களை எல்லாம் வரவழைத்துப் படித்தார். 1938-இல் அமெரிக்காவுக்கே போனார்.

அங்கே அவர் சேர்ந்த இடம் விளம்பரக் கம்பெனி அன்று. மக்கள் கருத்தைக் கணக்கெடுப்பதில் பெயர்பெற்ற ஜார்ஜ் காலப்பின் நிலையம். எந்த நடிகருக்கு எவ்வளவு செல்வாக்கு, எந்தத் தலைப்பு வைத்தால் படம் பார்க்க வருவார்கள் என்பவற்றை ஹாலிவுட் முதலாளிகளுக்காக நாடு முழுவதும் கேட்டறியும் வேலை. 400-க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகளை நடத்தினார். தமக்குப் பிடித்தது ஊருக்கும் பிடிக்கும் என்ற எண்ணம் அங்கே அவரை விட்டுப்போயிற்று. அடுப்பு விற்றபோது ஒரு வீட்டாரை அறிந்தார். இங்கே ஒரு நாட்டாரை அறிந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவுப் பிரிவில் சேர்ந்து வாஷிங்டனில் பணியாற்றினார். போர் முடிந்ததும் பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் என்னும் பகுதியில் நிலம் வாங்கிப் புகையிலை பயிரிட்டார். மோட்டாரையும் மின்சாரத்தையும் ஒதுக்கி, எளிய வாழ்வு வாழும் ஆமிஷ் மக்கள் நிறைந்த பகுதி அது. அவ்வாழ்க்கையை மிக விரும்பினார். ஆனால் உழவால் பிழைக்கும் திறம் தமக்கு இல்லை என்பதை உணர்ந்தார், உணர்ந்ததும் விட்டுவிட்டார்.

ஒன்றுசேர்ந்த மரங்கள்

1948-இல் நியூயார்க்கில், லண்டன் நிறுவனங்கள் இரண்டின் ஆதரவோடும் ஹியூவிட் என்ற கூட்டாளியோடும் விளம்பர நிறுவனம் தொடங்கியபோது ஓகில்விக்கு வயது 37. பட்டம் இல்லை. சமையல், அடுப்பு விற்பனை, கணக்கெடுப்பு, உளவு, உழவு: இவையே அனுபவம். என்னை நேர்முகம் கண்டவர்கள் அவரைக் கண்டிருந்தால் என்ன கேட்டிருப்பார்கள் என்று நண்பர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்திலேயே, தாம் பெற விரும்பும் ஐந்து வாடிக்கையாளரின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டார்: ஜெனரல் ஃபுட்ஸ், பிரிஸ்டல் மையர்ஸ், காம்ப்பெல் சூப், லீவர் பிரதர்ஸ், ஷெல். ஆண்டுகள் பல ஆயின. ஐவரும் வந்து சேர்ந்தனர்.

அவர் செய்தவற்றுள் மூன்றைச் சொல்லுகிறேன். 1951-இல் ஹாத்தவே என்ற சிறிய சட்டைக் கம்பெனிக்கு விளம்பரம். படம் எடுக்கப் போகும் வழியில், கண்ணை மறைக்கும் கறுப்புத் துணிப்பட்டை ஒன்றைக் கடையில் வாங்கிச் சென்று, சட்டை அணிந்து நின்றவருக்குக் கட்டிவிட்டார். இவர் யார், கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தவர் மனத்தில் ஒரு கதை எழுந்தது, சட்டை விற்றது. 1957-இல் டவ் சோப்பு வந்தபோது, அதில் நாலில் ஒரு பங்கு தோலுக்கு இதமான கிரீம் என்பதையே முன்னிறுத்தினார். 1958-இல் ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு எழுதுமுன் மூன்று வாரம் அந்தக் காரைப்பற்றியே படித்தார். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போதும் உள்ளே கேட்கும் பெரிய ஓசை மின்கடிகாரத்தின் ஓசைதான் என்ற செய்தி ஒரு மோட்டார் பத்திரிகைக்காரரின் குறிப்பில் கிடைத்தது. அதுவே தலைப்பு ஆயிற்று. அழகிய சொல்லை அவர் கற்பனையில் தேடவில்லை. உண்மையான ஒரு செய்தியைத் தேடினார்.

வேலை செய்த விதம்

தாம் எழுதும் முறையை ஓகில்வி 1955-இல் ஒருவருக்குக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். அதைப் படித்தால் நமக்கு ஆறுதலாக இருக்கும்.

அலுவலகத்தில் இடையூறு அதிகம் என்பதால் எழுத்து வேலை எல்லாம் வீட்டில். முதலில், போட்டிச் சரக்குகளுக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த விளம்பரங்களைப் பார்ப்பார். பிறகு ஆராய்ச்சிக் குறிப்புகள். தீர்க்கவேண்டிய சிக்கல் எது என்பதைத் தெளிவாக எழுதி, வாடிக்கையாளர் ஒப்புதல் தரும்வரை மேலே போகமாட்டார். அதன்பின் சரக்கைப்பற்றித் தெரிந்த செய்திகளை எல்லாம் எழுதி வரிசைப்படுத்துவார். இவ்வளவுக்கும் பிறகு மேசை முன் உட்கார்ந்தால் ஒரு யோசனையும் வராதாம்! சிடுசிடுப்பு வருமாம், மனைவி அறைக்குள் வந்தால் உறுமுவாராம். ஒரு விளம்பரத்துக்கு இருபது தலைப்பாவது எழுதிப் பார்ப்பார். மறுநாள் விடியலில் எழுந்து, முதல்நாள் எழுதியதை வெட்டித் திருத்துவார். நாலைந்து முறை திருத்திய பிறகே பிறர் கண்ணில் காட்டுவார்.

பிற்காலத்தில், 1982-இல் தம் அலுவலகத்தாருக்கு எழுதிய ஒரு குறிப்பில், பேசுவது போல இயல்பாக எழுதுங்கள். சிறு சொல்லும் சிறு வாக்கியமும் போதும். எழுதிய அன்றே எதையும் அனுப்பாமல், மறுநாள் காலையில் உரக்கப் படித்துத் திருத்துங்கள் என்று சொன்னார். நம் கட்டுரைகளுக்கும் விண்ணப்பங்களுக்கும் இதைவிட நல்ல விதி வேண்டியதில்லை.

ஆள் சேர்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மரப்பொம்மைகளைப் புதிதாகப் பொறுப்பேற்போருக்குப் பரிசாகக் கொடுப்பார். கடைசிக் குட்டிப் பொம்மைக்குள் ஒரு சீட்டு: நம்மைவிடச் சிறியவரையே சேர்த்தால் நாம் குள்ளர் கூட்டம் ஆவோம், பெரியவரைச் சேர்த்தால் வளர்ந்தோர் கூட்டம் ஆவோம் என்பது அதன் கருத்து.

பிற வேலைகள்

தொழிலுக்கு அப்பாலும் அவர் கை ஓயவில்லை. நியூயார்க்கின் லிங்கன் கலையரங்குக்காகப் பொதுமக்கள் ஆதரவைத் திரட்டினார். அமெரிக்கக் கறுப்பின மாணவர் கல்லூரிகளுக்கு நிதி திரட்டும் அமைப்பில் 1968-இல் தலைமைப் பொறுப்பேற்றார். உலக வனவுயிர் நிதியத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். 1963-இல், விளம்பரக்காரன் ஒருவனின் ஒப்புதல்கள் என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 4,000 படிகள் விற்கலாம் என்று எண்ணி, அதன் உரிமையை மகனுக்கு 21-ஆம் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டார். அது பத்து லட்சம் படிகளைத் தாண்டிற்று. சந்தையை அளந்தவரும் தம் நூலின் சந்தையை அளக்கத் தவறினார்!

1973-இல் பொறுப்பிலிருந்து விலகிப் பிரான்சில் தூஃபூ என்ற பழைய மாளிகையில் குடியேறித் தோட்டம் வளர்த்தார். அங்கிருந்தும் கடிதங்கள் குவிந்தன; அவ்வூர் அஞ்சல் நிலையத்தைத் தரம் உயர்த்தி, அஞ்சல் அதிகாரிக்குச் சம்பளமும் கூட்டினார்கள் என்று சொல்லுவர். 1980-களில் ஓய்வைக் கலைத்துக்கொண்டு இந்தியக் கிளையின் தலைவராகவும் இருந்தார். 1999 ஜூலை 21-இல் தம் 88-ஆம் வயதில் அம்மாளிகையிலேயே காலமானார்.

நாம் கவனிக்க வேண்டியவை

இக்கதையைப் படித்துவிட்டு, "ஆகவே வேலை மாறிக்கொண்டே இருங்கள்" என்று நான் முடித்தால் அது பொய்யுரை ஆகும். ஒருவர் வென்றதைக் கொண்டு விதி வகுக்கக்கூடாது என்பதை ஓகில்வி கற்ற கணக்கெடுப்புக் கலையே சொல்லும். பல வேலை பார்த்துக் கரை சேராதவர்களின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. மேலும், அவருக்கு ஒரு தமையனார் இருந்தார். உரிய இடத்தில் கதவைத் திறந்துவிட்டார். நம்மில் பலருக்குக் கதவும் இல்லை, விழுந்தால் தாங்க நிலமும் இல்லை. என் தந்தையார் 32 ஆண்டு ஒரே இடத்தில் இருந்தது கோழைத்தனத்தால் அன்று. எங்களுக்கு அந்த நிலமாக இருப்பதற்காகத்தான்.

தொழிலைப்பற்றியும் ஒரு சொல். வேண்டாத பொருளையும் வேண்டும் என்று தோன்றச்செய்யும் வல்லமை விளம்பரத்துக்கு உண்டு. ஓகில்வி இதை அறிந்தவர். வாங்குபவரை மூடராக எண்ணாதீர்கள், உங்கள் மனைவியைப் போன்றவர்தாம் அவரும். உங்கள் வீட்டாரிடம் சொல்லக் கூசும் பொய்யை ஊராரிடமும் சொல்லாதீர்கள் என்பதை வலியுறுத்தி வந்தார். இத்தொழிலுக்குப் போகும் நண்பர்கள் அந்த அளவுகோலையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பழமொழிக்கு வருகிறேன். அது பொய்யன்று. ஆனால் தச்சன் பல மரம் காண்பதை அது பழிக்கவில்லை. ஒன்றையும் வெட்டாமல் போவதையே பழிக்கிறது. ஓகில்வி கண்ட மரம் ஒவ்வொன்றிலும் கோடரி வைத்தார். அடுக்களையிலிருந்து ஒழுங்கு, வாசலிலிருந்து பேச்சு, காலப்பிடமிருந்து கணக்கு, வயலிலிருந்து தம் எல்லை எது என்ற அறிவு என ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு பலகையாவது கொண்டுவந்தார். 37-ஆம் வயதில் அவர் கட்டிய வீடு அந்தப் பலகைகளால் ஆனது.

அப்படியானால் நான்? சென்ற வாரம் ஒரு தாளை எடுத்து, நான் செய்தவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே 'கொண்டுவந்தது என்ன?' என்று ஒரு பத்தி போட்டேன். டியூஷன்: பின்னக்கணக்குப் புரியாத பிள்ளைக்கு நாலு விதமாகச் சொல்லிப் பார்க்கும் பொறுமை. ஏஜென்சி: அண்ணாச்சியின் கேள்வி, எது எந்த மாதத்தில் எந்தத் தெருவில் ஓடும் என்ற அறிவு. சுவரொட்டி: பத்தடி தூரத்தில் படிக்க ஏழு சொல்லுக்கு மேல் ஆகாது என்பது. இயற்பியலுக்கு எதிரே எழுத ஒன்றும் தோன்றவில்லை. மூன்று ஆண்டு படித்தது. இடம் காலியாகவே இருக்கிறது. நண்பர்களும் ஒருமுறை இப்படி எழுதிப் பாருங்கள். நிரம்பும் வரிகள் நேர்முகத்தில் பதிலாகும். நிரம்பாத வரிகள் நமக்கே கேள்வியாகும்.

அன்றிரவு ஊருக்குத் தொலைபேசியில் பேசியபோது, அந்தத் தாளைத் தந்தையாருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். ஆர்டர் எடுத்த கதைக்குச் சிரித்தார். பின்னர், வங்கியில் கணக்குச் சரிபார்ப்பவர் அல்லவா, கேட்டார்: "எல்லாம் சரிப்பா. அந்த ஒரு வரிய ஏன் காலியா விட்ட?"

அடுத்த மாதம் மறுபடியும் நிறுவனத்தார் வருகிறார்கள். அதற்குள் அந்த வரியை நிரப்ப வேண்டும். பழைய இயற்பியல் நோட்டுகளை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.